முக்கால் அடிச் சுவர்

ஆவுடையப்பனும் குற்றாலிங்கமும் வீட்டை இரண்டாகப் பிரித்த அன்று சாரல் பெய்தது என்றும், இல்லை, வெயிலும் சாரலும் சேர்ந்தே அடித்தன என்றும் எங்கள் தெருவில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. ஆனால் அன்று பொழுது சாய்வதற்குள் அவர்களுடைய உடன்பிறந்தாள் உலகம்மாள் நடுச்சுவருக்குள் குடிபோய்விட்டாள் என்பதில் எந்தக் கட்சிக்கும் சந்தேகம் கிடையாது.

அவர்களுடைய அப்பா தென்காசிப் பக்கம் பாத்திரக்கடை வைத்துச் சம்பாதித்து, ரதவீதிக்குப் பின்னால் அந்த நீளமான வீட்டைக் கட்டி, உயில் எதுவும் எழுதாமல் ஒரு ஆடி மாதத்தில் செத்துப்போனார். அதன்பிறகு கொஞ்சகாலம் ஒரே உலையில் எல்லாருக்கும் சோறு வெந்தது. மூத்தவன் பெண்டாட்டி சண்முகவடிவு மோரில் தண்ணீர் விட்டுத் தாளிக்கிறாள் என்று இளையவன் பெண்டாட்டி பிரமு சொன்னாளாம், பிரமு தன் புருஷன் இலைக்கு மட்டும் நெய்யைத் தேடிப்பிடித்து ஊற்றுகிறாள் என்று வடிவு சொன்னாளாம், இப்படி மோரிலும் நெய்யிலும் ஆரம்பித்த பேச்சு கடைச் சாவி வரைக்கும் வந்து, கடைசியில் அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், பிரித்துக்கொண்டால் நல்லது என்று ஒரே சமயத்தில் சொன்னார்கள்.

எங்கள் ஊரில் பாகம் பிரிக்க ஒரு முறை இருக்கிறது. மூத்தவன் பங்கு வைக்க வேண்டும். இளையவன் முதலில் எடுக்க வேண்டும். வைக்கிறவனுக்கு எடுக்கும் உரிமை இல்லாததால் அவன் ஒரு கரண்டியைக்கூடக் கூடக்குறைய வைக்க முடியாது, எடுக்கிறவனுக்கு வைக்கும் உரிமை இல்லாததால் அவன் குறைசொல்ல முடியாது, இதைவிட நியாயமான ஏற்பாட்டை எந்தக் கோர்ட்டும் கண்டுபிடித்ததில்லை என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஆவுடையப்பன் அந்த முறைப்படிதான் செய்தான். அம்மியை ஒரு பங்கில் வைத்தால் ஆட்டுரலை மறு பங்கில் வைத்தான், பெரிய அண்டாவை இங்கே வைத்தால் இரண்டு சின்ன அண்டாக்களை அங்கே வைத்தான், அப்பாவின் சாய்வு நாற்காலிக்கு ஈடாக அம்மாவின் வெற்றிலைச் செல்லத்தை வைத்தான், கிணறு ஒரு பக்கம் விழுந்ததால் புளியமரத்தை மறு பக்கம் தள்ளினான். எல்லாவற்றையும் வைத்து முடித்து நிமிர்ந்தபோது உலகம்மாள் மிச்சம் இருந்தாள்.

அவள் ஆவுடையப்பனுக்குத் தங்கை, குற்றாலிங்கத்துக்கு அக்கா. புளியங்குடியில் கட்டிக்கொடுத்த இடத்தில் மாப்பிள்ளைக்குப் பம்பாயில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பது தெரிந்து, ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தவள். வந்த நாள்முதல் அந்த வீட்டின் அடுப்படி அவள் கையில்தான் இருந்தது. அவளை எந்தப் பங்கில் வைப்பது? ஆவுடையப்பன் கெட்டவன் இல்லை, அவளுக்குக் காய்ச்சல் வந்தால் கடையைப் போட்டுவிட்டு ஓடிவருகிறவன்தான். ஆனால் அவளை எந்தப் பங்கில் வைத்தாலும் தம்பி மற்ற பங்கை எடுத்துக்கொள்வான் என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியதும் அவளை எந்தப் பங்கிலும் வைக்காமல் விட்டுவிட்டான். குற்றாலிங்கமும் கெட்டவன் இல்லை. அக்கா இரண்டு பங்கிலும் இல்லாததை அவன் கவனித்தான். ஆனால் வாயைத் திறந்து கேட்டால், அப்படியானால் நீயே வைத்துக்கொள் என்று அண்ணன் சொல்லிவிடுவான் என்று பயந்து, கேட்காமல் ஒரு பங்கை எடுத்துக்கொண்டான். இப்படியாக இரண்டு நல்லவர்களுக்கு நடுவில் அவள் நின்றாள்.

நின்றாள் என்றால் உண்மையாகவே நின்றாள். பாகம் பார்க்க வந்திருந்த பெரியவர்களுக்குக் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு வந்தவள், பட்டாசாலைக் கூடத்தின் நடுவில், கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். சுடலைக் கொத்தனார் வாசலிலிருந்து புறவாசல்வரை நூல் பிடித்துச் சுண்ணாம்பு தடவிச் சுண்டியபோது கோடு அவள் இரண்டு பாதங்களுக்கும் நடுவில் விழுந்தது.

“யக்கா, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க” என்றார் கொத்தனார்.

“எந்தப் பக்கமா?” என்றாள் உலகம்மாள்.

அவள் அதைச் சண்டையாகக் கேட்கவில்லை, வழி தெரியாத ஊரில் பஸ் நிற்கும் இடத்தைக் கேட்பதுபோல்தான் கேட்டாள். கொத்தனார் அண்ணனைப் பார்த்தார். ஆவுடையப்பன் தலையை அண்ணாந்து உத்திரத்தைப் பார்த்தான், அதில் ஏதோ கரையான் அரித்திருப்பதுபோல. கொத்தனார் தம்பியைப் பார்த்தார். குற்றாலிங்கம் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சாவி கொடுக்க ஆரம்பித்தான், அது முந்தின இரவே சாவி கொடுத்த கடிகாரம். சாந்து குழைத்தாயிற்று, சாரல் வேறு வலுத்துக்கொண்டிருந்தது, கூலிக்கு வந்தவர் எத்தனை நேரம்தான் நிற்பார்? செங்கல்லை வைக்க ஆரம்பித்தார். அவளும் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் புடவையை ஒதுக்கிக்கொண்டு, அவருக்கு இடைஞ்சல் இல்லாமல் நின்றாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சுவர் உத்திரத்தைத் தொட்டுவிட்டது. முக்கால் அடிச் சுவர். இந்தப் பக்கம் ஆவுடையப்பன் குடும்பம், அந்தப் பக்கம் குற்றாலிங்கம் குடும்பம், உள்ளே உலகம்மாள்.

மறுநாள் காலையில் சுவருக்குள்ளிருந்து இருமல் சத்தம் கேட்டது, பிறகு, பால்காரர் வந்தாச்சா மைனி என்று குரல் கேட்டது. வடிவு, வந்தாச்சு என்று சொல்லிவிட்டுப் பாலைக் காய்ச்சினாள். அவ்வளவுதான். முக்கால் அடி அகலத்தில் ஒரு மனுஷி எப்படி உட்காருவாள், எப்படிப் படுப்பாள் என்று யாரும் கேட்கவில்லை. அவள் எப்போதுமே இருக்கிற இடம் தெரியாமல் இருக்கிறவள்தானே என்றார்கள். ஈரம் காய்வதற்குள் சுவரில் இரண்டு பக்கமும் பூச்சு தானாக உள்வாங்கி, விளக்கு மாடம் அளவுக்கு ஒரு பொந்து இந்தப் பக்கமும் ஒரு பொந்து அந்தப் பக்கமும் விழுந்தன. அதன் வழியாக அவள் கை மட்டும் வெளியே வரும். ஒற்றைக் கண்ணாடி வளையல் போட்ட, வாழைக்காய் நறுக்கிக் கறைபிடித்த கை.

யார் அவளுக்குச் சோறு போடுவது என்று பேசி முடிவுசெய்யவே இல்லை. அதனால் சில நாள் இரண்டு பக்கமும் தட்டு நீட்டினார்கள், பல நாள் எந்தப் பக்கமும் நீட்டவில்லை. “அந்தப் பக்கம் குடுத்திருப்பாவ” என்று வடிவு சொல்லிவிட்டு ரசத்தை மூடிவைப்பாள், அதே நேரத்தில் அந்தப் பக்கம் பிரமுவும் அதையே சொல்லிக்கொண்டு மோரை மூடிவைப்பாள். நாளடைவில் எங்கள் தெருவில் யாராவது தன் கடமையைத் தட்டிக்கழித்தால், என்னவே, அந்தப் பக்கம் குடுத்திருப்பாவளோ என்று கேலி பேசுவது வழக்கமாயிற்று. உலகம்மாள் பசிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், எந்தப் பக்கத்தைப் பார்த்துச் சொன்னாள் என்று அதற்கு ஒரு சண்டை வந்திருக்கும்.

ஆனால் வேலை மட்டும் இரண்டு பக்கமிருந்தும் ஒழுங்காகப் போயிற்று. உள்ளே இருக்கிறவளுக்கு என்ன வெட்டி முறிக்கிற வேலை என்று இங்கிருந்து ஒரு தட்டு சின்ன உள்ளி போகும், உரித்துத் திரும்பி வரும்; அங்கிருந்து புளி போகும், கொட்டை எடுத்துத் திரும்பி வரும்; முருங்கைக்கீரை கொப்பாகப் போகும், இலையாக வரும்; கிழிந்த சட்டை போகும், தைத்து மடித்து வரும். ஓரகத்திகள் இருவரும் பேச்சை நிறுத்தியபின், இந்தப் பக்கத்துக் கறிவேப்பிலை அந்தப் பக்கமும் அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தக் கை வழியாகத்தான் போய்வந்தன. சொந்தக்காரர் வீட்டில் சாவு விழுந்தால் யார் முதலில் போவது, கோயில் கொடைக்கு என்ன எழுதுவது எல்லாம் அவளிடம் சொல்லிவைத்தால் அந்தப் பக்கம் தெரிந்துவிடும். பிரிந்துபோன ஒரு குடும்பம் இவ்வளவு சுமுகமாக நடப்பதைத் தெருவே மெச்சியது. பிரிந்தாலும் ஆவுடையப்பன் வீடு மாதிரிப் பிரியணும் என்று கல்யாண வீடுகளில் சொன்னார்கள். வடிவுக்குச் சங்கரி பிறந்தபோது தொட்டிலைச் சுவரை ஒட்டிக் கட்டினார்கள். கை வெளியே வந்து ஆட்டும். பிள்ளை கண்ணயரும்வரைக்கும் உள்ளிருந்து கதை வரும். அவளுக்குத் தெரிந்தது ஒரே கதைதான். ஒரு பெண் காப்பித் தட்டோடு நின்றாள், ஒருத்தன் உத்திரத்தைப் பார்த்தான், ஒருத்தன் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தான். சங்கரி அதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துத் தூங்கிப்போவாள்.

தெரு இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஓட்டுப் போடும் நாளில் வாத்தியார்கள் மைக்குப்பியோடு வீட்டுக்கே வந்து பொந்தில் விரலைக் கேட்டு வாங்கி மைவைத்துவிட்டுப் போனார்கள். கல்யாணப் பத்திரிகை கொண்டுவருகிறவர்கள் அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து, நீங்களும் வரணும் என்று வாயால் ஒரு வார்த்தை சொன்னார்கள், பத்திரிகை வைத்தால் இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கம் பேர் எழுதுவது என்ற குழப்பம் வரும் என்பதால். கொஞ்சநாளில் மேலத்தெருவில் ஒரு வீட்டைப் பிரித்தபோது அங்கேயும் கட்டிக்கொடுக்காத ஒரு சித்தி மிச்சமிருந்தாள். கொத்தனாரைக் கூப்பிட்டு, நடுவில் கொஞ்சம் இடம்விட்டுக் கட்டுங்க என்று காதோடு சொன்னார்கள். பிறகு கீழத்தெருவில் வேலைவெட்டி இல்லாத ஒரு மாமா. பிறகு ஒரு வாய் பேசாத தம்பி. பிறகு இரண்டு பிள்ளைகளும் தங்கள் முறை இல்லை என்று சொல்லிவிட்ட ஒரு அப்பா. சுடலைக் கொத்தனார் அந்த வேலைக்கென்றே பேர்பெற்றுவிட்டார். கரண்டியை எடுப்பதற்கு முன்னால், “உள்ளே ஆள் உண்டா?” என்று ஒரு வார்த்தை கேட்பார், உண்டு என்றால் செங்கல்லைக் குறைத்துச் சொல்வார். பெண் பார்க்க வருகிற இடத்தில், பையன் வீட்டில் நாத்தனார் தொல்லை ஏதும் உண்டா என்று பெண்ணின் தாயார் கேட்பாள், உண்டு, ஆனா சுவருக்குள்ள என்று தரகர் சொல்வார், அப்ப சரி என்று பூ வைப்பார்கள்.

ராத்திரி தெரு அடங்கினபின் காதைவைத்தால் ஒரு வீட்டுச் சுவர் இன்னொரு வீட்டுச் சுவரோடு பேசுவது கேட்கும் என்று சிலர் சொன்னார்கள். நாங்கள் யாரும் காதை வைத்ததில்லை.

வருஷங்கள் போயின. பெரிய குடும்பம் சின்னதாயிற்று, சின்னது இன்னும் சின்னதாயிற்று. குற்றாலிங்கத்தின் மகன் சென்னைக்குப் போனான், அங்கே பெண்டாட்டியும் அவனும் ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வாட்ஸ்அப்பில் சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொள்கிறார்கள் என்று பிரமுவே சொன்னாள். சங்கரியைப் பெங்களூரில் கொடுத்தார்கள். வீட்டில் இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர், நடுவில் ஒருத்தி. ஆனாலும் உள்ளித் தட்டு போவதும் வருவதும் நிற்கவில்லை.

அப்போதுதான் வீட்டை இடித்து ஃபிளாட் கட்ட ஒரு பில்டர் வந்தார். அருவி சீசனுக்கு வருகிறவர்கள் வாங்குவார்கள், இடத்துக்காரர்களுக்கும் ஆளுக்கு இரண்டு வீடு என்றார். சம்மதம் என்று அண்ணனும் தம்பியும் மறுபடியும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். பத்திரம் போடப் போனபோது வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, உங்க அப்பா உயில் எழுதலையே, பாகம் பிரிச்சதும் வாய்ப்பேச்சுதானே, அப்படின்னா உங்க கூடப் பொறந்தாளுக்கும் சம பங்கு உண்டு, மூணு பேரும் வந்து கையெழுத்துப் போடணும், பொந்து வழியா நீட்டுற கையையெல்லாம் சார்பதிவாளர் ஒத்துக்க மாட்டார், ஆள் முழுசா வரணும் என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது இருவரும் தனித்தனி ஆட்டோவில் வந்தார்கள். இரண்டு ஆட்டோவிலும் ஒரே கணக்கு ஓடியது: அவள் எந்தப் பக்கமாக வெளியே வருகிறாளோ அந்தப் பக்கத்தில்தான் இருப்பாள், அவள் பங்கும் அங்கேதான் இருக்கும்.

அன்று மத்தியானம் வடிவு தேங்காய் துருவிப் பாலெடுத்துச் சொதி வைத்தாள், இஞ்சிப் பச்சடியோடு. உலகம்மாளுக்குச் சின்ன வயசிலிருந்தே சொதி என்றால் உயிர் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. அந்தப் பக்கம் பிரமு உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழித்து நல்லெண்ணெய் ஊற்றினாள். இரண்டு தட்டும் ஒரே சமயத்தில் பொந்துகளுக்குள் போயின. வெகு நாளைக்குப் பிறகு அந்தப் பக்கம் கொடுத்திருப்பார்கள் என்று இரண்டு பேருமே நிச்சயமாக நம்பினார்கள், நம்பியதால்தான் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வைத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் சங்கரி பெங்களூரிலிருந்து வந்து இறங்கினாள், ஒரு சக்கரப் பெட்டியோடு. புருஷனோடு இனி முடியாது என்று போனிலேயே சொல்லியிருந்தாள். வா என்று வடிவு சொன்னாள், ஆனால் பெட்டியை யாரும் உள்ளே எடுத்துவைக்கவில்லை. அது நடைவாசலிலேயே நின்றது. முதல்ல அத்தை விஷயம் முடியட்டும் என்றார் ஆவுடையப்பன். அவருக்கு இப்போது தலை முழுக்க நரைத்திருந்தது.

“உலகா” என்று அவர் பொந்தில் வாயை வைத்துக் கூப்பிட்டார். “எத்தனை நாள்தான் உள்ளேயே கெடப்ப? வெளிய வா தாயி.”

“யக்கா, நான்தான் குத்தாலம். வாக்கா” என்று அந்தப் பக்கமிருந்து குற்றாலிங்கம் கூப்பிட்டார். அவர் குரல் தழுதழுத்தது. பொய்யாகத் தழுதழுத்தது என்று சொல்ல முடியாது.

உள்ளே வளையல் சத்தம் நின்றது. உள்ளி உரிக்கிற சத்தம் நின்றது. பிறகு அவள் கேட்டாள், பஸ் நிற்கும் இடத்தைக் கேட்கிற அதே குரலில்.

“எந்தப் பக்கமா?”

“இந்தப் பக்கமா” என்றார் அண்ணன்.

“இந்தப் பக்கமா” என்றார் தம்பி.

அவர்கள் இருவரும் அதற்குப் பிறகு கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இந்தப் பக்கம் காற்றோட்டமான அறை இருக்கிறது என்றார் ஒருவர், இந்தப் பக்கம் கிணறு இருக்கிறது என்றார் இன்னொருவர். உனக்குக் காய்ச்சல் வந்தபோது யார் தூக்கிக்கொண்டு ஓடினது என்றார் ஒருவர், உன் இடுப்பில் உட்கார்ந்து வளர்ந்தவன்தானேக்கா என்றார் இன்னொருவர். குரல் உயர்ந்து உயர்ந்து, கடைசியில் அவர்கள் அவளைக் கூப்பிடுவதை விட்டுவிட்டுச் சுவரின் இரண்டு பக்கமும் நின்று ஒருவரையொருவர் வைதுகொண்டிருந்தார்கள். வைது ஓய்ந்தபின் உள்ளிருந்து பதில் வந்தது.

“அன்னைக்கு யாராச்சும் ஒருத்தர் சொல்லியிருந்தா, நான் அந்தப் பக்கமா வந்திருப்பேன்.”

சொதித் தட்டும் களித் தட்டும் தொட்ட அடையாளம் இல்லாமல் திரும்பி வந்தன.

ஒரு சுவருக்கு இரண்டு பக்கம் மட்டும்தான் உண்டு என்று நாங்கள் அத்தனை பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். வாசல்படியை இரண்டாகப் பிரிப்பதற்காக அந்தச் சுவரைக் கொத்தனார் தெருவரைக்கும் நீட்டிக் கட்டியிருந்தார். தெருவைப் பார்த்து அதற்கு முக்கால் அடி அகலத்தில் ஒரு முனை இருந்தது. அந்த முனையில் நாங்கள் சைக்கிள் சாய்த்திருக்கிறோம், கட்சி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறோம், அது ஒரு வழியாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. மறுநாள் காலை, பிள்ளைகள் பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருந்த நேரத்தில், நோட்டீஸ்கள் கிழிந்து, பூச்சு உதிர்ந்து, அந்த முனை ஒரு கதவைப்போலத் திறந்தது. உலகம்மாள் தகரப் பெட்டியோடு இறங்கினாள்.

அவள் முக்கால் அடிக்கு மேல் அகலம் இல்லாமல் இருந்தாள். நேராகப் பார்த்தால் சுண்ணாம்பு படிந்த ஒரு கிழவி. பக்கவாட்டில் பார்த்தால் அவள் இருக்கிறாளா என்று தேட வேண்டியிருந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இடது பக்கத்து வாசலையும் பார்க்காமல் வலது பக்கத்து வாசலையும் பார்க்காமல் நடந்தாள். பெட்டிக்கடைக்காரர்தான் துணிந்து கேட்டார், “எங்கம்மா கெளம்பிட்டிய?”

“நேரா” என்றாள் அவள்.

எங்கள் தெரு பஸ் ஸ்டாண்டில் முடிகிறது. அவள் எந்தப் பஸ்ஸில் ஏறினாள் என்று யாரும் சொல்லவில்லை. அன்று அவள் போன வழியில் வேறு சில வீடுகளின் முனைகளும் உதிர்ந்து கிடந்தன. அந்த வீட்டுக்காரர்கள் சத்தமில்லாமல் கூட்டி அள்ளினார்கள்.

அண்ணனும் தம்பியும் தென்காசி, புளியங்குடி, கடையநல்லூர் என்று ஆள் அனுப்பினார்கள், மூன்றாவது கையெழுத்துக்காக. கிடைக்கவில்லை. பில்டர் வேறு தெருவுக்குப் போய்விட்டார். உலகம்மாள் போன அன்று சாயங்காலமே வடிவு பழக்கத்தில் ஒரு தட்டு உள்ளியைப் பொந்துக்குள் தள்ளினாள். உள்ளே வாங்குவதற்குக் கை இல்லாததால் தட்டு வழுக்கிக்கொண்டுபோய் அந்தப் பக்கத்துப் பொந்து வழியாக விழுந்தது, உள்ளி முழுவதும் பிரமுவின் காலடியில் சிதறிற்று. பிரமு குனிந்து பார்த்தாள். வடிவு குனிந்து பார்த்தாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு ஓரகத்திகள் இருவரும் அந்த ஓட்டை வழியாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், இருவருக்குமே வயதாகியிருந்தது. பேசத்தான் வாயெடுத்தார்கள். ஆனால் இரண்டு பேருடைய கண்ணும் நடுவில் இருந்த இடத்தில் நின்றுவிட்டது. கூட்டித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. ஓரமாகச் சுருட்டிவைத்த ஒரு பாய், கவிழ்த்துவைத்த ஒரு டம்ளர்.

“நல்ல எடமாத்தான் இருக்கு” என்றாள் வடிவு.

“காத்தும் வருது” என்றாள் பிரமு.

வடிவுக்குப் பின்னால் சங்கரி நின்றுகொண்டிருந்தாள். வடிவு திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் இருக்க அவள் எவ்வளவு கஷ்டப்பட்டாள் என்பது கழுத்து நரம்பில் தெரிந்தது.

அடுத்த நாள் திறந்துகிடந்த முனையை அடைக்கச் சுடலைக் கொத்தனாரை வரவழைத்தார்கள். அவருக்கும் கண் பார்வை குறைந்திருந்தது, கை மட்டும் பழைய கைதான். தெருவில் நின்றபடி சாந்தைக் குழைத்தார். ஆவுடையப்பன் இந்தப் படியில் நின்றார், குற்றாலிங்கம் அந்தப் படியில் நின்றார், சங்கரி தன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். கொத்தனார் கரண்டியை எடுத்தார்.

“உள்ளே ஆள் உண்டா?”

சங்கரி அப்பாவைப் பார்த்தாள். ஆவுடையப்பன் தலையை அண்ணாந்து வாசல் உத்திரத்தைப் பார்த்தார். அவள் சித்தப்பாவைப் பார்த்தாள். குற்றாலிங்கம் கைக்கடிகாரத்தைக் கழற்றித் திருகினார். அது இப்போது பேட்டரிக் கடிகாரம், திருக ஒன்றுமில்லை. தொட்டிலில் கிடந்து சிரித்த கதை அது, அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

“சாந்து எறுகிரும், சீக்கிரம் சொல்லுங்க” என்றார் கொத்தனார்.

சங்கரி பெட்டியின் கைப்பிடியை இழுத்து நிமிர்த்தினாள். அப்பாவின் படியிலும் இறங்கவில்லை, சித்தப்பாவின் படியிலும் இறங்கவில்லை. நடுவில், உதிர்ந்துகிடந்த காரையை மிதித்துக்கொண்டு, இரண்டு படிக்கும் இடைப்பட்ட முக்கால் அடியில் கால்வைத்துத் தெருவில் இறங்கினாள். பெட்டியின் சக்கரம் கல்லில் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிற்று. வடிவு உள்ளேயிருந்து ஓடிவந்தாள், வாசலோடு நின்றுவிட்டாள். கூப்பிடுவதானால் எங்கே வா என்று கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சத்தம் தேய்ந்து இல்லாமலான பிறகு கொத்தனார் மறுபடியும் கேட்டார்.

“இல்லை” என்றார் ஆவுடையப்பன். அந்தச் சுவரைப் பற்றிக் கொத்தனார் கேட்ட கேள்வி ஒன்றுக்கு அவர் வாய்திறந்து பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். குனிந்து, சுவருக்குள்ளிருந்த வெற்றிடத்தின் நீளத்தையும் ஆழத்தையும் மங்கின கண்ணால் அளந்தார்.

“அப்படின்னா செங்கல் நெறைய ஆகும்” என்றார்.